பல்லவியை எத்தனை முறை எழுதுவது?

மாணவர் விடுதி ஒன்றின் தரைத்தள வரைபடம். நடுவில் நீண்ட நடைவழி, இருபுறமும் இருபது இருபதாக 40 அறைகள். இதை ஆட்டோகேட் மென்பொருளில் வரையும்படி இரண்டு படவரைவாளர்களிடம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஐந்தாறு ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். கணினியும் ஒன்றுதான், மென்பொருளின் பதிப்பும் ஒன்றுதான். ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டு அடுத்த வேலையை எடுக்கிறார். மற்றவர் மறுநாள் மாலைதான் முடிக்கிறார். கட்டடப் பொறியாளர் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "அவருக்குக் கை வேகம். ஷார்ட்கட் எல்லாம் அத்துப்படி."

கை வேகம் அளக்கக்கூடிய ஒன்று. அளந்தும் வைத்திருக்கிறார்கள். எனவே அந்தப் பதில் சரியா என்று பார்த்துவிடலாம்.

அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் ஒரு எளிய சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். மேசைமேல் இரண்டு உலோகப் பட்டைகள். கையிலுள்ள கம்பியால் அவற்றை மாறி மாறித் தொட வேண்டும். பட்டைகளுக்கிடையே தொலைவு கூடினால் நேரம் கூடியது. பட்டையின் அகலம் குறைந்தாலும் நேரம் கூடியது. தொலைவையும் அகலத்தையும் சொன்னால் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே கணிக்கும் அளவுக்கு அந்த உறவு சீராக இருந்தது. அப்போது மவுஸே கிடையாது. ஆனால் 1978இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் மவுஸை வைத்துச் சோதித்தபோது, அதுவும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. திரையின் மேல் விளிம்பில் இருக்கும் சின்னஞ்சிறு பொத்தான் ஏன் கையைத் தாமதப்படுத்துகிறது என்பதற்கு விளக்கம் இங்கே இருக்கிறது: அது தொலைவில் இருக்கிறது, சிறியதாகவும் இருக்கிறது.

அதே மையத்தின் ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மொரான் இருவரும் ஆலன் நியூவெல்லுடன் சேர்ந்து 1980இல் இன்னொரு படி மேலே போனார்கள். கணினியில் செய்யும் எந்தப் பழகிய வேலையையும் சில அடிப்படை அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சராசரி நேரம் தந்தார்கள். ஓரளவு நன்றாகத் தட்டச்சு செய்பவர் ஒரு விசையை அழுத்த 0.2 விநாடி. மவுஸால் ஒன்றைச் சுட்ட 1.1 விநாடி. மவுஸிலிருந்து விசைப்பலகைக்குக் கையை மாற்ற 0.4 விநாடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் ஒரு கணம் தயாராக 1.35 விநாடி. இவற்றைக் கூட்டிக் கணித்த நேரத்தையும், ஆட்களை உட்காரவைத்துப் பல மென்பொருள்களில் உண்மையாக அளந்த நேரத்தையும் ஒப்பிட்டார்கள். கணிப்புக்கும் உண்மைக்கும் ஏறத்தாழ 20 சதவீதமே வித்தியாசம். கூட்டல் மட்டுமே தெரிந்தால் போதும் என்ற அளவுக்கு எளிமையான கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இப்போது நம் வரைவாளர்களுக்கு வருவோம். கோடு போடும் கட்டளையைத் திரையில் தேடிச் சொடுக்கினால் 1.1 விநாடியும் 0.2 விநாடியும் சேர்ந்து 1.3 விநாடி. இடக்கையை விசைப்பலகையிலேயே வைத்துக்கொண்டு 'எல்' விசையையும் ஸ்பேஸ் பாரையும் தட்டினால் 0.4 விநாடி. மிச்சம் 0.9 விநாடி. ஒரு நாளில் 1000 கட்டளைகள் கொடுப்பதாக வைத்தால் 900 விநாடி, அதாவது கால் மணி நேரம்.

கால் மணி நேரம் நல்ல லாபம்தான். இடக்கை விசையில், வலக்கை மவுஸில் என்ற பழக்கத்தை ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே பழகிக்கொள்ள வேண்டும். நகலெடுக்க 'சிஓ', வெட்ட 'டிஆர்', இணைகோடு போட 'ஓ' என்று இரண்டெழுத்துக்குள் முடியும் சுருக்கங்கள் ஏற்கெனவே மென்பொருளில் இருக்கின்றன. பிடிக்காததை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஸ்பேஸ் பார் என்டர் விசையின் வேலையைச் செய்யும். கட்டளை எதுவும் ஓடாதபோது தட்டினால் கடைசியாகக் கொடுத்த கட்டளையைத் திரும்ப அழைக்கும். ஆனால் இவ்வளவையும் சேர்த்தாலும் மதியத்துக்கும் மறுநாள் மாலைக்கும் இடையே உள்ள பள்ளத்தை நிரப்ப முடியாது. காரணம் வேறெங்கோ இருக்கிறது.

தடயம் அந்தக் கணக்கிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு அசைவையும் சற்றுக் குறைப்பது ஒரு வழி. அசைவுகளின் எண்ணிக்கையையே பத்தில் ஒன்றாக்குவது இன்னொரு வழி. இரண்டாவது வழி திறப்பதற்குத் திரையில் தெரியும் கோடு உண்மையில் என்ன என்று தெரிய வேண்டும்.

காகிதத்தில் போட்ட கோடு மை. கணினியில் போட்ட கோடு ஒரு குறிப்பு: தொடக்கப்புள்ளி இங்கே, முடிவுப்புள்ளி அங்கே, இந்த அடுக்கைச் (லேயர்) சேர்ந்தது, இந்த நிறம். கோப்புக்குள் இருப்பவை இப்படிப்பட்ட குறிப்புகளே. திரையில் நாம் பார்ப்பது, அந்தக் குறிப்புகளைப் படித்துக் கணினி அந்தந்தக் கணத்தில் வரைந்து காட்டும் படம். பெரிதாக்கும்போது கோடு தடிக்காமலும் மங்காமலும் இருப்பது அதனால்தான். ஒவ்வொரு முறையும் அது புதிதாக வரையப்படுகிறது.

இந்த எண்ணம் தொடங்கிய இடம் தெளிவாகவே தெரியும். அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லாந்து 1963இல் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வு. அதில் அவர் உருவாக்கிய மென்பொருளின் பெயர் ஸ்கெட்ச்பேட். லிங்கன் ஆய்வகத்தில் இருந்த டிஎக்ஸ்-2 என்ற பெரிய கணினியின் திரைமேல் ஒளிப்பேனாவை வைத்து வரைந்தார். ஒரு கையில் பேனா. மறுகை கட்டளைப் பொத்தான்களில். இன்றைய இடக்கை வலக்கைப் பழக்கத்தின் மூதாதை அங்கேயே இருந்தது.

சதர்லாந்து தம் ஆய்வேட்டின் தொடக்கத்திலேயே ஓர் உதாரணம் தருகிறார். தேன்கூடு போல அறுகோணங்கள் ஒட்டியொட்டிப் பரவிய ஒரு வடிவம் வேண்டும். முதலில் ஆறு பக்கம் உள்ள ஏதோ ஒரு கோணல் உருவத்தைக் கிறுக்கினார். அதன் மூலைகள் ஒரு வட்டத்தின்மேல் இருக்க வேண்டும், பக்கங்கள் சமமாக இருக்க வேண்டும் என்று கணினிக்கு நிபந்தனை விதித்தார். கோணல் உருவம் தானே நிமிர்ந்து ஒழுங்கான அறுகோணம் ஆனது. பிறகு அதை மூலப்படமாக வைத்து, அதைச் சுற்றி அதன் பிரதிகளை ஒட்டினார். ஒட்டிய தொகுதியையே அடுத்த மூலப்படமாக வைத்து அதன் பிரதிகளை ஒட்டினார். இப்படி 900 அறுகோணங்கள் சுமார் அரை மணி நேரத்தில் வந்துவிட்டன. எப்படிச் செய்வது என்று யோசித்த நேரமும் அதில் அடக்கம். கையால் வரைய எவ்வளவு நாளாகும் என்று வரைவுப் பிரிவில் கேட்டதற்குக் கிடைத்த மதிப்பீடு, இரண்டு நாள். அந்தக் கணினி இன்றைய கைபேசியின் பக்கத்தில் நிற்க முடியாத அளவு மெதுவானது. நேரம் மிச்சமானது 900 அறுகோணங்களையும் தனித்தனியாக வரையாததால்.

அதைவிட முக்கியமானது அடுத்த படி. மூலப்படத்தில் அறுகோணத்துக்குப் பதில் அரைவட்டம் வைத்தால், மொத்தப் பரப்பும் மீன் செதில் போல மாறிவிடும். பிரதிகள் எதையும் தொட வேண்டாம்.

ஏன் அப்படி? பழைய சினிமாப் பாட்டுப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். பல்லவி மேலே ஒரு முறை முழுதாக அச்சாகியிருக்கும். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவியின் முதல் சொல் மட்டும் இருக்கும், அல்லது அடைப்புக்குள் 'பல்லவி' என்று இருக்கும். பாடுபவர் மேலே போய்ப் பல்லவியைப் பாடிக்கொள்வார். பல்லவியில் ஒரு சொல் பிழையாக அச்சாகியிருந்தால் மேலே ஒரே இடத்தில் திருத்தினால் போதும். மாறாகச் சரணத்துக்குச் சரணம் பல்லவியை முழுதாக எழுதியிருந்தால், ஒவ்வோர் இடத்திலும் திருத்த வேண்டும். ஓரிடம் கட்டாயம் விட்டுப்போகும். சதர்லாந்தின் பிரதிகள் முதல் வகை. அவற்றில் அறுகோணம் கிடையாது. 'மூலப்படத்தை இந்த இடத்தில், இந்தக் கோணத்தில், இந்த அளவில் காட்டு' என்ற ஒரு வரிக் குறிப்பு மட்டுமே உண்டு. இந்தக் குறிப்பைச் சுட்டு என்று அழைப்போம்.

ஆட்டோகேட் 1982 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அதில் சதர்லாந்தின் மூலப்படத்துக்குப் பெயர் பிளாக். கதவை ஒரு முறை வரைந்து பிளாக் ஆக்கிவிட்டால், கட்டடம் முழுவதும் நாம் வைப்பவை சுட்டுகளே. கதவின் அகலத்தை மாற்றச் சொல்லி உரிமையாளர் கேட்டால், பிளாக்கில் ஒரு முறை மாற்றினால் போதும். கோப்பும் பெருத்துப் போகாது. 1990இல் இதே கருத்து முழு வரைபடங்களுக்கும் விரிந்தது. எக்ஸ்ரெஃப் என்று அழைக்கப்படும் இந்த வசதியில் ஒரு கோப்பு இன்னொரு கோப்பைச் சுட்டி நிற்கும். கட்டடக்கலைஞர் தூணை நகர்த்தினால், அந்தக் கோப்பைச் சுட்டி வைத்திருக்கும் மின்வரைபடத்திலும் குழாய் வரைபடத்திலும் அடுத்த முறை திறக்கும்போது தூண் நகர்ந்திருக்கும்.

சரி, விடுதிக்குத் திரும்பலாம். 40 அறைகளையும் கோடு கோடாக வரையும் ஆள் யாரும் இல்லை. காப்பி எடுக்க எல்லோருக்கும் தெரியும். தாமதமாக முடிப்பவர் பெரும்பாலும் இப்படிச் செய்கிறார்: ஓர் அறையின் சுவர்களை வரைகிறார், 39 முறை காப்பி எடுக்கிறார், பிறகு ஒவ்வோர் அறையாகப் போய்க் கதவு, ஜன்னல், கட்டில், மேசை, மின்விசிறி, சுவிட்ச் என்று நிரப்புகிறார். விரைவாக முடிப்பவர் ஓர் அறையைக் கடைசி சுவிட்ச் வரை முழுதாக முடிக்கிறார். அதை பிளாக் ஆக்குகிறார். ஒரு பக்கத்துக்கு இருபதாக அடுக்கி, மறுபக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புகிறார். எழுத்துகளை பிளாக்குக்கு வெளியே வைத்து, திருப்பும்போது அவை தலைகீழாகிவிடாமல் இருக்க மிர்டெக்ஸ்ட் (MIRRTEXT) என்ற அமைப்பைச் சுழியத்தில் வைத்துக்கொள்கிறார். இருவருக்கும் தெரிந்த கட்டளைகள் ஒன்றே. வரிசைதான் வேறு.

கணக்கும் போட்டுவிடலாம். ஓர் அறையில் 60 உருப்படிகள் என்று வையுங்கள். ஓர் உருப்படிக்கு ஒரு கட்டளை, இரண்டு சுட்டல்கள், அவற்றின் சொடுக்குகள், ஒரு கணம் யோசனை எல்லாம் சேர்த்து 4.35 விநாடி வருகிறது. ஓர் அறைக்கு நான்கரை நிமிடத்துக்குள். 40 அறையையும் இப்படி நிரப்பினால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். தவறே செய்யாத, அளவை ஒரு முறைகூடத் திரும்பப் பார்க்காத, தண்ணீர் குடிக்கக்கூட எழாத ஒருவருக்கான கணக்கு இது. நிஜத்தில் பல மடங்கு ஆகும். அதன் பிறகு பொறியாளர் வந்து ஜன்னலை அரை அடி தள்ளிப் போடச் சொல்வார்.

வரிசைதான் வித்தியாசத்துக்குக் காரணம் என்பது ஊகம் இல்லை. 1990களில் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் சுரேஷ் பவ்னானியும் பானி ஜானும் கணினிவழி வரைபவர்களை இதே கேள்வியோடு ஆராய்ந்தார்கள். அனுபவமுள்ள ஒரு கட்டடக்கலைஞர் தம் அலுவலகத்தில் வேலை செய்வதைப் பதிவுசெய்து, ஒவ்வொரு கட்டளையாகப் பிரித்துப் பார்த்தார்கள். உட்கூரைப் பலகைகளின் வரைபடத்தில் காற்றுத் துவாரங்கள் வரும் இடங்களில் கோடுகளை நீக்க வேண்டும். பல கோடுகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே அடியில் நீக்கும் வசதி மென்பொருளில் இருந்தது. அவரோ ஒவ்வொரு கோடாக நீக்கினார். கட்டளைகள் அவருக்குத் தெரியாதவை அல்ல. பவ்னானியும் ஜானும் சிறந்த வழிக்கு ஒரு வரிசை வகுத்தார்கள்: முதலில் விவரத்தை முடி, பிறகு தொகு, பிறகு தொகுதியைக் கையாள். நம் விடுதியை விரைவாக முடித்தவர் செய்தது இதைத்தான்.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை? உல்ரிச் ஃபிளெமிங் இவர்களோடு சேர்ந்து 1997இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒரு காரணத்தைச் சுட்டுகிறது. வரைவாளர்கள் வரைபலகை, டி-ஸ்கொயர் காலத்து மனப்படத்தைக் கணினிக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறார்கள். காகிதத்தில் சுவரை முதலில் எல்லா அறைக்கும் போட்டுவிட்டுப் பிறகு விவரத்துக்குப் போவது முற்றிலும் சரி. அங்கே தொகுதி என்ற ஒன்று கிடையாது, எப்படியும் ஒவ்வொரு கோட்டையும் கையால்தான் இழுக்க வேண்டும். அந்தச் சரியான பழக்கம் இடம் மாறியதும் சுமையாகிவிடுகிறது. ஜான் கரோல், மேரி பெத் ராசன் இருவரும் 1987இலேயே இதன் பொதுவான வடிவத்தை விளக்கியிருந்தார்கள்: வேலையை இன்று முடிக்க வேண்டும் என்ற அவசரம் புதிய முறையைக் கற்கவிடுவதில்லை, பழைய அறிவு புதியதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இதில் யாரையும் சோம்பேறி என்று குறை சொல்ல இடமில்லை. மெதுவான வழியிலும் வரைபடம் சரியாகவே வந்துவிடுவதால், வேறு வழி இருக்கிறது என்று சொல்லும் அறிகுறி எதுவும் திரையில் தெரிவதில்லை. ஐந்து ஆண்டு அனுபவம் தன்னளவில் யாரையும் விரைவாக்காமல் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

லேயர்களிலும் இதே கதைதான். ஒரு கோட்டைச் சிவப்பாக்க இரண்டு வழிகள். கோட்டைப் பிடித்துச் சிவப்பு கொடுப்பது ஒன்று. 'நீ இந்த லேயரைச் சேர்ந்தவன், உன் நிறத்தை லேயரிடம் கேட்டுக்கொள்' என்று விடுவது இன்னொன்று. இரண்டாவது வழியில் லேயரின் நிறத்தை மாற்றினால் ஆயிரம் கோடுகளும் மாறும். வேண்டாத லேயர்களை உறையவைத்துவிட்டால் வேண்டியதை மட்டும் ஒரே பிடியில் அள்ளலாம். இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை: பிளாக்கின் உட்பாகங்களைச் சுழியம் எண்ணுள்ள லேயரில், நிறத்தை லேயரிடமே விட்டு வரைந்தால், அந்த பிளாக்கை எந்த லேயரில் வைக்கிறோமோ அதன் நிறத்தை அவை ஏற்கும். ஒரே நாற்காலி பிளாக்கை இருக்கும் அறைகலன் லேயரிலும் வாங்கப்போகும் அறைகலன் லேயரிலும் தனித்தனி நிறத்தில் காட்டலாம்.

கோடு மை இல்லை, எண் என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. கண்ணுக்கு முட்டிக்கொண்டிருப்பதாகத் தெரியும் இரண்டு சுவர்க்கோடுகள் உண்மையில் அரை மில்லிமீட்டர் விலகியிருக்கலாம். காகிதத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. இங்கே அந்த அறையைக் கோடுகளால் நிரப்பச் சொன்னால், எல்லை மூடவில்லை என்று மென்பொருள் மறுக்கும். பரப்பளவும் கிடைக்காது. முனையில் பிடி, நடுவில் பிடி, வெட்டும் புள்ளியில் பிடி என்று புள்ளியைக் கவ்வும் ஆப்ஜெக்ட் ஸ்னாப் வசதி இதற்காகவே இருக்கிறது. அதை எஃப்3 விசையால் அணைத்துவிட்டுக் கண்மதிப்பில் வரைபவர் அன்று சில விநாடிகள் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று பின்னால் தேடும்போது மணிக்கணக்கில் திருப்பிக் கொடுக்க நேரும்.

நில அளவை வரைபடங்களில் வேலை செய்பவர்களை வாட்டும் ஒரு விசித்திரத்துக்கும் விளக்கம் இதே இடத்தில்தான். வட்டம் பல்பல்லாகத் தெரியும், நிரப்புகோடுகள் எல்லை தாண்டும், மிக நெருங்கிய புள்ளிகள் நடுங்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து நிரலைத் திரும்ப நிறுவுவார்கள். உண்மைக் காரணம் எண்களின் நீளம். ஆட்டோகேட் ஒவ்வொரு ஆயத்தொலைவையும் 64 பிட்டில் வைக்கிறது. அதில் 15, 16 இலக்கங்கள் வரை துல்லியம் கிடைக்கும். புவியிட அளவையில் சென்னையின் வடக்குத் தொலைவு பூமத்திய ரேகையிலிருந்து 14 லட்சம் மீட்டருக்கு மேல். அதை மில்லிமீட்டரில் எழுதினால் 10 இலக்க எண். பரப்பளவு காண இரண்டு ஆயத்தொலைவுகளைப் பெருக்கினால் 20 இலக்கம் வரை போகும். கடைசி நான்கைந்து இலக்கங்கள் உதிர்ந்துவிடும். பிறகு கிட்டத்தட்டச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது நமக்கு வேண்டிய சிறிய விடை அந்த உதிர்ந்த பகுதியின் பக்கத்தில்தான் இருக்கிறது. திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் சில்லுகள் பெரும்பாலும் ஏறத்தாழ 7 இலக்கத் துல்லியத்தோடு வேலை செய்வதால் அங்கே கோளாறு இன்னும் சீக்கிரம் கண்ணில் படும். இதை நீங்களே சோதிக்கலாம். ஆதிப்புள்ளியின் அருகே ஒரு சிறிய வட்டம், நூறு கோடி அலகு தள்ளி அதே அளவில் ஒரு வட்டம் போட்டு, இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டடத்தை ஆதிப்புள்ளியின் அருகே வரைந்து, நில அளவைக் கோப்பை அதற்குரிய நகர்வோடு எக்ஸ்ரெஃப் ஆக இணைப்பது பாதுகாப்பான வழி.

திரும்பத் திரும்ப ஒரே கட்டளை வரிசையைக் கொடுக்கிறோம் என்றால், அந்த வரிசைக்கே பெயர் சூட்டிவிடலாம். ஆட்டோலிஸ்ப் என்ற சிறு நிரல்மொழி 1986இலிருந்து ஆட்டோகேட்டுக்குள் இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் அலுவலகத்துக்குரிய லேயர்கள், எழுத்தளவு, பிளாக்குகள் எல்லாம் அமைந்த ஒரு வார்ப்புருக் கோப்பை ஒரு முறை செய்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய வேலையையும் அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் எல்லாவற்றையும் பிளாக் ஆக்கவும் நிரலாக்கவும் கிளம்புவதும் சரியில்லை. ஒரே ஒரு முறை வரும் வளைந்த படிக்கட்டுக்கு பிளாக் எதற்கு? அதை வரைந்துவிட்டுப் போகலாம். மூன்றாவது முறை ஒன்றை வரையப் போகும்போது நின்று யோசிப்பது எனக்குச் சரியான அளவாகப் படுகிறது.

இதைக் கற்பிக்க முடியுமா என்பதையும் பவ்னானி குழுவினர் சோதித்தார்கள். 2001இல் வெளியான அவர்களின் ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவுக்கு வேர்ட், எக்செல் போன்றவற்றின் கட்டளைகளை மட்டும் கற்பித்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே கட்டளைகளோடு, அவற்றை எப்போது எந்த வரிசையில் கையாள்வது என்பதையும் சேர்த்துக் கற்பித்தார்கள். இரண்டாம் பிரிவினர் திறமையான வழிகளைக் கூடுதலாகக் கையாண்டார்கள். கட்டளை அறிவில் அவர்கள் பின்தங்கவும் இல்லை. நம் ஊர்ப் பயிற்சி மையங்களும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்புவிக்கச் சொல்வதற்கு முன், ஒரு கட்டட வரைபடத்தைக் காகிதத்தில் கொடுத்து 'இதில் எது எத்தனை முறை திரும்ப வருகிறது, எது எதன் கண்ணாடிப் பிம்பம்?' என்று மாணவர்களைப் பென்சிலால் வட்டமிடச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். அரை மணி நேரம் போதும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் தங்கள் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து ஏதாவது ஒரு கதவின்மேல் சொடுக்கிப் பாருங்கள். முழுக் கதவும் ஒரே உருப்படியாகப் பிடிபடுகிறதா, அல்லது ஒரு கோடு மட்டும் பிடிபடுகிறதா? ஒரு கோடு மட்டும் என்றால், அந்தக் கதவை பிளாக் ஆக்கி, மற்ற கதவுகளின் இடத்தில் அதன் சுட்டுகளை வைத்து, பெயரோடு வார்ப்புருக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்து ஜன்னல்.